மலையேற்றத்துக்கு மடங்காத கத்தி: எந்த வரிசையில் யோசித்து வாங்குவது

மலேசியாவின் ஜோகூர் மலைகளுக்கும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கும் நண்பர்களைக் கூட்டிப் போகும் வழக்கம் எனக்கு உண்டு. அநேகமாக ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் புதுக் கத்தியோடு வருவார். "அண்ணே, இது டி2 ஸ்டீல்" என்று பேச்சைத் தொடங்குவார். "உறை எப்படிப்பா?" என்று கேட்டால், அப்போதுதான் அதைத் திருப்பிப் பார்ப்பார். மாலையில் வெங்காயம் நறுக்கும் நேரம் வந்ததும் அந்தக் கத்தி பைக்குள் போய்விடும். என் பழைய கத்தியைத்தான் ஆளுக்கு ஆள் கேட்பார்கள்.

பெரும்பாலும் கத்தியில் குறை இருக்காது. எஃகில் தொடங்கி, தோற்றத்துக்குப் போய், அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைக் கடைசியில் யோசித்திருப்பார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான தேர்வுகளில் பாதியைக் கழித்துவிடும்.

கடைக்குப் போகுமுன் ஓர் அளவுகோல், கொஞ்சம் கெட்டி அட்டை, சமையலறைத் தராசு, ஒரு துண்டுத்தாள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. போன பயணத்தில் எதை வெட்டினீர்கள் என்று எழுதுங்கள்

அடுத்த பயணத்தில் வெட்டப்போவதை எழுதினால் கற்பனை புகுந்துவிடும். போன பயணத்தில் வெட்டியதை மட்டும் எழுதுங்கள். என் பட்டியல் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கூடாரக் கயிறு, வெங்காயம், பச்சை மிளகாய், நெத்திலிப் பொட்டலம், பிளாஸ்டர் துணி, சில நேரம் அடுப்பு மூட்ட விறகில் சீவிய சுருள்கள். மரம் வெட்டியதாக ஒருமுறைகூட எழுதியதில்லை.

மெக்ரிட்சியிலோ புக்கிட் தீமாவிலோ காலையில் நடந்துவிட்டு மதியம் காப்பிக்கடைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் மடங்காத கத்தியே தேவையில்லை. சின்னக் கத்தரிக்கோல் போதும். இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம், காசு மிச்சம்.

இரவு தங்கி, சமைத்து, மழையில் நனைந்து திரும்புகிறவர்களுக்கு மடங்காத கத்தி உண்மையிலேயே வசதி. மடக்குக் கத்தியின் கீலுக்குள் மண்ணும் வெங்காயச் சாறும் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு. மடங்காததில் அந்தத் தொல்லை இல்லை. கீல் நழுவி விரலில் மடங்கும் பயமும் இல்லை.

2. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். சிறையும் பிரம்படியும் விதிக்கும் அளவுக்குக் கடுமையான சட்டம் அது. மலேசியாவிலும் இதே வகைச் சட்டம் உண்டு. முகாமுக்குப் போவது காரணம்தான், ஆனால் அந்தக் காரணம் உங்களைப் பார்த்தாலே தெரிய வேண்டும். உறையில் போட்டு, துண்டில் சுற்றி, முதுகுப்பையின் அடியில் சமையல் பாத்திரங்களோடு வையுங்கள். இடுப்பில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறாதீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால், கத்தி இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "தற்காப்புக்கு" என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஞாயிறு இரவு பயணம் முடிந்தால் காரணமும் முடிந்தது. பையை அப்படியே விட்டுவிட்டு, திங்கள்கிழமை அதையே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனால், கத்தி எதற்கு என்று கேட்பவரிடம் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கத்தியை வெளியே எடுப்பது.

வாங்கும் வடிவத்தையும் இந்தப் படிதான் முடிவுசெய்கிறது. இரண்டு பக்கமும் கூரான குத்துவாள், பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி எதுவும் வேண்டாம். அவற்றை ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள். முகாம் வேலைக்கும் அவை உதவாது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவிப்பதாக இருந்தால், பணம் கட்டுமுன் காவல்துறையின் உரிமப் பிரிவு இணையப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களிலும் உபினின் ஜெலுத்தோங், மாமாம் முகாம் இடங்களிலும் தங்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். செடி கொடிகளை வெட்டக் கூடாது. கண்ட இடத்தில் தீ மூட்டவும் கூடாது. ஆக உள்ளூரில் உங்கள் கத்தி பார்க்கப்போவது கயிறும் காய்கறியும்தான். வனத்தை வெட்டி வழி உண்டாக்கும் கனவு இருந்தால் அதற்குப் பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தி இருக்கிறது, அதை எடுத்து வரும் உள்ளூர் வழிகாட்டியும் இருக்கிறார். அவரிடம் விட்டுவிடுங்கள்.

விமானத்தில் போனால் கைப்பையில் வைக்க முடியாது. சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும்.

3. நீளமும் தடிமனும்: அட்டையில் வெட்டிப் பாருங்கள்

என் முதல் கத்தியின் அலகு 18 செ.மீ. நீளம், 6 மி.மீ. தடிமன். படத்தில் கம்பீரமாக இருந்தது. குளுவாங்கில் உள்ள 510 மீட்டர் குனோங் லம்பாக்கின் அடிவாரத்தில் அதை வைத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். வெங்காயம் நறுங்கவில்லை, பிளந்து தெறித்தது. அவ்வளவு தடித்த அலகு ஆப்புபோலத்தான் வேலை செய்யும்.

அலகு 9 முதல் 11 செ.மீ. வரை, தடிமன் 2.5 முதல் 3.2 மி.மீ. வரை இருந்தால் மேலே சொன்ன வேலைகள் எல்லாம் நடக்கும். 9 செ.மீட்டருக்குக் கீழே போனால் ரொட்டியும் தர்பூசணியும் சிரமம். 12-க்கு மேல் போனால் முனை கையிலிருந்து தள்ளிப் போய்விடும், நுணுக்கமான வேலையில் கட்டுப்பாடு குறையும்.

எண்ணைப் படித்தால் மட்டும் கைக்குப் புரியாது. நீங்கள் நினைக்கும் அளவில் அட்டையை வெட்டி, மரக்கரண்டிக் காம்பில் ஒட்டி, நறுக்கும் பலகையில் வைத்துப் பாருங்கள். 15 செ.மீ. வேண்டும் என்று அடம்பிடித்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே மனசு மாறிவிடுவார்கள்.

தராசு இதற்குத்தான்: கிடைத்த ஏதாவது ஒரு 200 கிராம் பொருளைப் பையில் போட்டு, புக்கிட் தீமா உச்சிவரை ஒருமுறை ஏறி இறங்குங்கள். உறையோடு சேர்த்து அதற்கு மேல் போகாத கத்தியாகப் பாருங்கள்.

4. பிடி: உள்ளங்கையை அளந்துகொண்டு போங்கள்

நான்கு விரல்களும் சேரும் இடத்தில் உள்ளங்கையின் அகலத்தை அளவெடுங்கள். பிடி அதைவிட 1 முதல் 2 செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். குட்டையான பிடியில் சுண்டுவிரல் வெளியே தொங்கும், மற்ற மூன்று விரல்களும் கூடுதலாக இறுக்கிப் பிடிக்கும், பத்து நிமிடத்தில் கை வலிக்கும். கை வலிக்கும்போதுதான் கத்தி நழுவும்.

நம் ஊரில் கை எப்போதும் ஈரம்தான். மழை இல்லாவிட்டால் வியர்வை. அதனால் வழவழப்பான பாலிஷ் மரமும் பளபளப்பான உலோகமும் வேண்டாம். ரப்பர், சொரசொரப்பான பிளாஸ்டிக், மைகார்ட்டா (பிசினில் துணியை அழுத்திச் செய்தது) மாதிரியான பிடிகள் ஈரத்தில் நன்றாக நிற்கும். அலகுக்குப் பக்கத்தில் விரல் முன்னால் சறுக்காதபடி ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கத்தியைப் புதியவர்கள் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

பிடிக்குள் எஃகு எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். ஆங்கிலத்தில் டேங் என்பார்கள். முழு நீளத்துக்கும் எஃகு போகும் ஃபுல் டேங் கத்தி உறுதியானது, கனமும் கூட. கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பவர்களுக்கு அது தேவை. நம் பட்டியலில் விறகு பிளப்பது இல்லாததால் பாதி டேங் தாராளமாகப் போதும். ஸ்வீடனின் மோரா கம்பெனியன் பாதி டேங் கத்திதான்: அலகு 10.4 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ. புதியவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் அது, விலையும் அடக்கம். அதே நிறுவனத்தின் கார்பெர்க் ஃபுல் டேங், 3.2 மி.மீ. தடிமன். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

5. உறை: கத்தியைப் பார்க்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்

கத்தி வேலையில் இருப்பது நாளில் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் உறையில். நான் பார்த்த காயங்களும் துருவும் பெரும்பாலும் உறையிலிருந்துதான் வந்தவை.

தோல் உறை பார்க்க அழகு. ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நானும் ஒரு கார்பன் ஸ்டீல் கத்தியைத் தோல் உறையோடு வீவக அடுக்குமாடி வீட்டின் சாமான் அறையில் இரண்டு மாதம் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் உறையில் பச்சையாகப் பூஞ்சணம், அலகில் மிளகு தூவினாற்போல் துருப் புள்ளிகள். மேலாகத் தேய்த்தால் துரு போனது, குழிகள் இன்னும் இருக்கின்றன. குளிர்ந்த, வறண்ட நாட்டுக்காரர்கள் தோல் உறையைப் புகழ்ந்தால் அவர்கள் ஊருக்கு அது சரி. இங்கே பிளாஸ்டிக் அல்லது கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டு உறைதான் என் தேர்வு.

கடையில் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். முதலாவது, அடியில் தண்ணீர் வடியும் துளை. அது இல்லாவிட்டால் மழைநீர் முனையில் தேங்கி நிற்கும். இரண்டாவது, பிடிமானம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கத்தி உறையில் இருக்கும்போதே தலைகீழாக, மேசைக்கு மேல் தாழப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். நழுவினால் வேண்டாம். பாறை இறங்கும்போது நழுவுகிற கத்தி உங்கள் தொடையில்தான் வந்து நிற்கும். மூன்றாவது, ஒரு கையால் எடுத்துத் திரும்பப் போடும் வசதி. எடுக்கும்போது உறையின் வாயைச் சுற்றி விரல் போகிறதா என்று கவனியுங்கள். அப்படிப் போனால் ஒருநாள் வெட்டும்.

6. முனை, முதுகு, வாய்

முதுகு மெதுவாகச் சரிந்து நடுவில் வந்து முடியும் டிராப் பாயின்ட் முனை எல்லா வேலைக்கும் ஒத்துவரும். கழுத்து மெலிந்து ஊசியாக நீளும் முனைகள் துளைக்க நல்லவை, சுலபத்தில் உடையவும் செய்யும். எங்களோடு வந்த தம்பி ஒருவர் ஜோகூர் சாலையோரத்தில் டுரியான் வாங்கி, புதுக் கத்தி முனையைப் பிளவுக்குள் நுழைத்துத் திருகினார். பழம் திறந்தது. 5 மி.மீ. முனை உள்ளேயே தங்கிவிட்டது, சுளையைத் தடவித் தேடித்தான் எடுத்தோம். டுரியானைத் திறக்கும் வேலையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கத்தி அதற்கென்றே குட்டையும் தடிப்புமாக இருக்கும்.

முதுகு கூரான 90 பாகை விளிம்போடு இருந்தால் தீப்பொறிக் கம்பியை உரச உதவும். நீங்கள் லைட்டர் எடுத்துப் போகிறவர் என்றால் இதற்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

வாய், அதாவது வெட்டும் விளிம்பு, தீட்டப்பட்ட விதத்தில் இரண்டு வகை தெரிந்தால் போதும். ஸ்காண்டி வகையில், தச்சர் உளிபோல, அலகின் கீழ்ப்பகுதி மட்டும் அகலமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்துத் தீட்டலாம் என்பதால் புதியவர்களுக்கு எளிது. மரம் சீவ அருமை. கேரட் மாதிரிக் கெட்டியான காயை மட்டும் நறுக்காமல் உடைக்கும். ஃபிளாட் வகையில் முதுகிலிருந்தே அலகு மெலிந்து வரும், சமையலுக்கு அதுதான் சுகம். உங்கள் முதல் படிப் பட்டியலைப் பாருங்கள். பாதிக்கு மேல் சாப்பாடு என்றால் ஃபிளாட்.

முதுகிலோ வாயிலோ ரம்பப் பற்கள் உள்ளதை எடுக்காதீர்கள். முதுகில் இருப்பது கட்டைவிரலைக் கிழிக்கும், வாயில் இருப்பதைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது.

7. இப்போதுதான் எஃகு

இங்கே வரும்போது மேசையில் இரண்டு மூன்று கத்திகள்தான் மிஞ்சியிருக்கும். முடிவு சுலபம்.

உப்புக்காற்றும் வியர்வையும் உள்ள இடத்தில் முதல் கத்தி ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். 12சி27, 14சி28என் போன்றவை நன்றாகத் துருவைத் தாங்கும், சாதாரணக் கல்லிலேயே கூராகும். 1095 கார்பன் ஸ்டீல் உறுதியானது, தீட்டச் சுகமானது. ஆனால் குரோமியம் அநேகமாக இல்லாததால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். டி2-வில் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், அதில் பெரும்பகுதி கார்பைடுகளில் (கார்பனோடு சேர்ந்த கடினத் துகள்களில்) கட்டுண்டு கிடப்பதால் அது முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது. கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கிவிட்டால் புதியவர் கையில் திரும்பக் கூராவதும் கஷ்டம்.

கடினத்தன்மை ராக்வெல் அளவில் 56 முதல் 60-க்குள் எழுதியிருந்தால் சரி. எண் ஏறினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கடினம் ஏற ஏற, எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய் சில்லு பெயரும் வாய்ப்பும் ஏறும்.

8. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

பீச் ரோட்டு கோல்டன் மைல் உணவு நிலையக் கட்டடத்தில் உள்ள ஆர்மி மார்க்கெட் தேசிய சேவைப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். முகாம் சாமான்கள் அங்கே எப்படி இருக்கும் என்று பார்த்து வரலாம். எந்தக் கடையானாலும், பிடியை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்து நில்லுங்கள். உள்ளங்கையில் எங்கேயாவது உறுத்தினால், மலையில் அந்த இடம்தான் கொப்புளமாகும். முதுகைக் கண்ணுக்கு நேரே வைத்து அலகு கோணாமல் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

9. முதல் இரண்டு வாரம் சமையலறையில்

புதுக் கத்தியை நேரே மலைக்குக் கொண்டுபோவது பெரிய தப்பு. வீட்டில் தினமும் அதில்தான் நறுக்குங்கள். பிடியின் தொல்லை, உறையின் தொல்லை எல்லாம் பிளாஸ்டர் பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அதே நாட்களில் தீட்டவும் பழகுங்கள். 1000 எண் சாணைக்கல் ஒன்று போதும். ஸ்காண்டி என்றால் சரிவைப் படுக்க வையுங்கள். மற்றதற்கு 20 பாகை: அலகு 25 மி.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 8, 9 மி.மீ. தூக்கினால் கிட்டத்தட்ட அந்தக் கோணம் வரும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்படும் வரை தொடருங்கள். பிசிர் வராமலே பக்கம் மாற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்பவர்களிடம் கேட்டால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் முடிந்ததும் பழைய தோல் பெல்ட்டில், வாய் பின்னால் இருக்கும்படி, பத்துத் தடவை இழுங்கள். தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்கினால் போதும்.

10. முகாமில்

மடியில் வைத்து எதையும் வெட்டாதீர்கள். உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே பட்டால் காட்டில் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். முழங்கால்களுக்கு வெளியே, ஒரு கட்டைமேல் வைத்து வெட்டுங்கள். கத்தியைக் கையிலிருந்து கைக்கு மாற்றாமல், உறையில் போட்டுக் கீழே வையுங்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். "கொஞ்சம் இங்கே வச்சிருக்கேன்" என்று இருட்டில் பாயின்மேல் விடுவதும் வேண்டாம்.

காட்டில் ரத்தம் உறிஞ்சும் அட்டை கடித்தால் கத்தி முனையால் சுரண்டும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையால் போகும் ரத்தத்தைவிடச் சுரண்டுவதில் போவது அதிகம். அட்டையின் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினாலே விட்டுவிடும்.

11. திரும்பி வந்த அன்றிரவு

குளிப்பதற்கு முன் கத்தி. சோப்புத் தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, அலகில் மெல்லிசாக உணவுத்தர மினரல் ஆயில் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். கடற்கரையில் தங்கியிருந்தால் பிடியும் அலகும் சேரும் இடுக்கில் உப்பு நிற்கும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அங்கே தேயுங்கள்.

உறைக்குள்ளும் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் கொட்டுங்கள். உள்ளே தங்கும் மணல் ஒவ்வொரு முறையும் அலகைக் கீறும். பிறகு துணி காயப்போடும் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஓர் இரவில் காயாது, இரண்டு நாள் ஆகும். அதுவரை கத்தியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.